செப்டம்பரில் குப்புற விழுந்த அணி அக்டோபருக்குள் எழுமா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது காலால் உதைக்கும் நம்மூர்க் கால்பந்து அல்ல; பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் முன்னேறும் அமெரிக்க ஆட்டம். பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கப் போன பிறகு இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் ஆண்டுதோறும் செப்டம்பர் நடுவில் என்னிடம் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். "நம்ம காலேஜ் அணி இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டதே, இனி அவ்வளவுதானா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதிவைக்கிறேன். உதாரணங்களில் பாதி 2013ஆம் ஆண்டு டெக்சஸ் பல்கலைக்கழக அணியைப் பற்றியவை. அந்த அணியைப் போல என் வயிற்றைக் கலக்கிய அணி வேறு இல்லை.

கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் என்றால் என்ன? முதல் சில ஆட்டங்கள் கணக்கில் வராதா?

கான்ஃபரன்ஸ் என்பது சில கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் லீக். பிக் டென், பிக் 12, ஏ.சி.சி., எஸ்.இ.சி. எல்லாம் அப்படிப்பட்டவைதான். ஒரு அணிக்கு வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள். அவற்றில் 8 அல்லது 9 தன் கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும். மீதி மூன்று நான்கு வெளி அணிகளுடன், பெரும்பாலும் செப்டம்பரில் முடிந்துவிடும்.

வெளி ஆட்டத்தில் தோற்றால் மொத்தக் கணக்கிலும் தரவரிசையிலும் அடி விழும். ஆனால் கான்ஃபரன்ஸ் பட்டத்துக்கான அட்டவணையில் அது ஏறாது. 2010இல் வர்ஜீனியா டெக் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. பிறகு தொடர்ச்சியாக 11 ஆட்டங்களை வென்று ஏ.சி.சி. சாம்பியன் ஆனது, கான்ஃபரன்ஸுக்குள் 8-0 (எட்டு வெற்றி, தோல்வியே இல்லை). ஆகவே செப்டம்பரில் அழுகிற பெற்றோருக்கு நான் முதலில் காட்டுவது அந்த அட்டவணையைத்தான்.

எல்லா அணிக்கும் இந்த வசதி கிடைக்காது. 2022இல் நெப்ராஸ்கா தன் பருவத்தையே டப்ளின் நகரில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிரான கான்ஃபரன்ஸ் ஆட்டத்தோடு தொடங்கியது, தோற்றது. நோட்டர் டேமுக்குக் கால்பந்தில் கான்ஃபரன்ஸே கிடையாது.

தொழில்முறை அணிகள் செய்வதுபோல் புதிய ஆட்டக்காரர்களை நடுவில் எடுக்க முடியாதா?

முடியாது. வேறு கல்லூரியிலிருந்து மாறி வருவதற்கான காலம் பருவத்துக்கு வெளியேதான் திறக்கும். செப்டம்பரில் கையில் இருப்பவர்தான் நவம்பரிலும் கையில் இருப்பவர்.

ஒரே ஒரு சிறு கதவு உண்டு. 2018 முதல், ஒரு ஆட்டக்காரர் ஆண்டில் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும், அந்த ஆண்டை அவருடைய தகுதிக் கணக்கிலிருந்து (ஒரு மாணவர் கல்லூரி அணியில் ஆட அனுமதிக்கப்படும் ஆண்டுகளின் கணக்கு) கழிக்காமல் வைத்துக்கொள்ளலாம். முதலாண்டு மாணவர் ஒருவரை இரண்டு ஆட்டங்களுக்கு இறக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்காரவைக்கலாம். இந்த விதியைப் பலர் பருவத்தின் கடைசியில்தான் நினைத்துக்கொள்கிறார்கள். தடுமாறும் அணிக்கு இது செப்டம்பரிலேயே பயன்பட வேண்டிய விதி.

சரி, பயிற்சி நேரத்தைக் கூட்டலாமே?

இவர்கள் சட்டப்படி மாணவர்கள். பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளொன்றுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுப்பு என்பது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. ஆட்டம் நடக்கும் நாள் எத்தனை மணி நேரம் இழுத்தாலும் மூன்று மணி நேரமாகவே எழுதப்படும்.

மிச்சம் 17. அதில் எடைப் பயிற்சி போகும், ஆட்டங்களின் படத்தைப் போட்டுப் பார்க்கும் கூட்டங்கள் போகும். வெள்ளிக்கிழமை மெல்ல நடந்து பார்ப்பதோடு சரி. கவசம் மாட்டிக்கொண்டு முழு வேகத்தில் மோதிப் பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் செவ்வாயும் புதனும். மூன்று வாரம் என்று வாயால் சொல்லும்போது நிறைய இருப்பதுபோல் தோன்றும். கணக்குப் போட்டால் ஆறு நல்ல பயிற்சி நாள்கள்.

ஆறு நாளில் புதிதாக எதையும் கட்ட முடியாது, இருப்பதில் வேண்டாததைக் கழிக்கத்தான் முடியும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதில் முக்கால் பங்கு இதுதான். தேறிய அணிகள் எதையோ புதிதாகக் கற்றுக்கொண்டன என்று வர்ணனையாளர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்கோரைப் பார்த்தால் போதுமா?

ஸ்கோர் பொய் சொல்லும். வர்ஜீனியா டெக்கின் அந்த இரண்டு தோல்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, செப்டம்பர் 6 திங்கட்கிழமை இரவு, வாஷிங்டன் அருகே லேண்டோவரில், பாய்சி ஸ்டேட்டிடம் 33-30. ஐந்தே நாள் கழித்து, சனிக்கிழமை பகலில், சொந்த மைதானத்தில், ஜேம்ஸ் மேடிசனிடம் 21-16. ஜேம்ஸ் மேடிசன் அப்போது ஒரு படி கீழே, எஃப்.சி.எஸ். பிரிவில் இருந்த அணி. தரவரிசையில் இருந்த பெரிய அணியை அந்தப் பிரிவிலிருந்து வந்து வீழ்த்திய இரண்டாவது அணி அது. (முதலாவது 2007இல் மிச்சிகனை 34-32 என்று கவிழ்த்த அப்பலாச்சியன் ஸ்டேட்.)

பத்திரிகைகள் எப்படி எழுதியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் இரண்டையும் கூட்டிப் பார்த்தால் எட்டுப் புள்ளி வித்தியாசம். குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை எறிகிறவர்) டைராட் டெய்லர் அங்கேயேதான் இருந்தார். அந்த ஆண்டு முடிவில் ஏ.சி.சி.யின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. பயிற்சியாளர் ஃப்ராங்க் பீமர் அணியைப் பிரித்துப்போடவில்லை. அடுத்த வாரம் ஈஸ்ட் கரோலைனாவை 49-27, அதற்கடுத்து முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டத்தில் பாஸ்டன் காலேஜை 19-0.

அதனால் படத்தைப் போட்டுப் பார்க்கும்போது மூன்று வகைத் தவறுகளைத் தனித்தனியே பிரித்து எண்ண வேண்டும். உடம்பாலேயே முடியாமல் தோற்றது ஒரு வகை. எங்கே நிற்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் தோற்றது இரண்டாவது. கீழே விழுந்த பந்து யார் பக்கம் உருண்டது என்பது மூன்றாவது. மூன்றாவதை மறந்துவிடலாம். முதலாவதை இந்த ஆண்டில் சரிசெய்ய முடியாது, மறைக்கத்தான் முடியும். ஆறு பயிற்சி நாள்களும் இரண்டாவதற்கு மட்டும்.

டெக்சஸ் அணிக்கு 2013இல் என்னதான் நடந்தது?

செப்டம்பர் 7, யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரம். மின்னலும் மழையுமாக ஆட்டம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. எதிரணி பி.ஒய்.யு. (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்) பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியே 550 யார்டு (கெஜம்) எடுத்தது. மைதானத்தின் நீளமே 100 யார்டுதான். குவார்ட்டர்பேக் டேசம் ஹில் ஒருவரே 259 யார்டு ஓடினார், மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது). டெக்சஸ் தன் வரலாற்றில் அதற்கு முன் எவரையும் அவ்வளவு ஓடவிட்டதில்லை. ஸ்கோர் 40-21.

இதில் கொடுமை, ஹில் புதிதாக எதுவும் செய்யவில்லை. ஒரே ஒரு நகர்வை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் அரைத்தார். அதன் பெயர் ஜோன் ரீட்.

அந்த ஜோன் ரீட் என்பதைப் புரியும்படி சொல்ல முடியுமா?

கபடியில் பாடிப் போகிறவர் மூலையில் நிற்பவரையே பார்த்துக்கொண்டிருப்பார் அல்லவா? அவர் முன்னே காலை வைத்தால் இந்தப் பக்கம், தயங்கினால் அந்தப் பக்கம். அதே சங்கதிதான்.

குவார்ட்டர்பேக் பின்னால் நிற்கிறார், பக்கத்தில் பந்தை வாங்கி ஓடுகிற ரன்னிங் பேக். பந்து வந்ததும், முன்வரிசைத் தடியர்கள் ஐந்து பேரும் ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். எதிரணியின் வரிசைக் கோடியில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை மட்டும் யாரும் தொடுவதில்லை. வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைக்கிறார், ஆனால் கையை எடுக்கவில்லை. கண் அந்த விடப்பட்ட ஆளின் தோள் மேல் இருக்கிறது. அந்தத் தோள் உள்ளே திரும்பி ரன்னிங் பேக்கைத் துரத்தினால், பந்தை உருவிக்கொண்டு அவர் காலி செய்த இடத்தில் தானே ஓடுகிறார். தோள் நேராக நின்று காத்திருந்தால், பந்தை விட்டுவிடுகிறார். அரை நொடி வேலை. ஒரு ஆளைத் தொடாமலேயே ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுகிறார்கள்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. "கோடியில் நிற்பவர் எப்போதும் குவார்ட்டர்பேக்கை மட்டும் பார், உனக்குப் பின்னால் இருக்கும் லைன்பேக்கர் ரன்னிங் பேக்கைப் பார்த்துக்கொள்வார்." இவ்வளவுதான். ஆனால் இருவரும் ஒரே ஆளைத் துரத்தினால் போச்சு. ப்ரோவோவில் இரவு முழுவதும் நடந்தது அது. ஹில் உருவிக்கொண்டு ஓடும்போது அந்தப் பக்கத்தில் டெக்சஸ் அணியின் ஆரஞ்சு நிறமே இருக்காது.

உடம்பில் குறை என்று யாரும் சொல்ல முடியாது. டெக்சஸ் தேசத்திலேயே சிறந்த பள்ளி ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கிற இடம். மேலே சொன்ன இரண்டாவது வகைத் தவறு, அப்பட்டமாக.

அதை எப்படிச் சரிசெய்தார்கள்?

மறுநாளே தலைமைப் பயிற்சியாளர் மேக் ப்ரவுன், தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த மேனி டியாஸை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினார். அவ்விடத்துக்கு க்ரெக் ராபின்சன் வந்தார். 2004இல் டெக்சஸ் தடுப்பாட்டத்தைக் கவனித்தவர். பருவம் முடிந்த பின் நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்தில் மிச்சிகனை 38-37 என்று வென்ற அணி அது. 2013 கோடையில்தான் ஆலோசகர் போன்ற ஒரு வேலைக்குத் திரும்பி வந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமையே எல்லாம் மாறிவிட்டதா என்றால் இல்லை. ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணிக்கு எதிராக இடைவேளையில் 23-17 என்று முன்னிலை; இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 44-23 என்று தோல்வி. அன்று இரவு டெக்சஸ் அணியின் ஊரான ஆஸ்டினில் நிறையப் பேர் ராபின்சனையும் சேர்த்துத் திட்டினார்கள். ஒரு வாரத்தில் நல்ல பயிற்சி நாள்கள் இரண்டுதான் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

ராபின்சன் செய்தது கழித்தல் வேலை. டியாஸின் பாணி, எங்கிருந்து எவர் பாய்ந்து வருவார் என்று எதிரணியைக் குழப்புவது. சரியாகப் போனால் அழகு. சரியாகப் போகாதபோது குழம்பியது சொந்த ஆள்கள். ராபின்சன் பட்டியலைச் சுருக்கினார். யார் எந்த இடைவெளிக்குப் பொறுப்பு என்பதைத் தெளிவாக்கினார். தாக்கும் பக்கமும் தன் பங்குக்குப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவதை நம்பத் தொடங்கியது. அப்படி ஓடினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், தடுக்கும் பக்கத்துக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

செப்டம்பர் 21, முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டம், கன்சாஸ் ஸ்டேட்டுக்கு எதிராக 31-21. கன்சாஸ் ஸ்டேட்டிடம் தொடர்ந்து ஐந்து முறை தோற்றிருந்த அணி. அக்டோபர் 12 அன்று டல்லாஸில், அதுவரை தோற்காத ஓக்லஹோமாவை 36-20. அந்த ஆட்டத்தில் ஜானத்தன் க்ரே, மால்கம் ப்ரவுன் இருவரும் தலைக்கு 100 யார்டுக்கு மேல் ஓடினார்கள். தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் கனத்த உடம்புக்காரர் க்றிஸ் வேலி, எதிரணி எறிந்த பந்தைப் பிடித்து 31 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். ப்ரோவோவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் திணறிய அதே அணி.

கான்ஃபரன்ஸில் ஆறு ஆட்டங்கள் தொடர்ந்து வெற்றி. கடைசி ஆட்டத்தில் பேய்லரை வென்றிருந்தால் பிக் 12 பட்டமே கிடைத்திருக்கும். 30-10 என்று தோற்றார்கள். கான்ஃபரன்ஸில் 7-2, மொத்தம் 8-5.

அப்படியென்றால் ஆளை நீக்குவதுதான் வழியா?

எது கெட்டிருக்கிறதோ அதன் பொறுப்பாளரை மாற்றுவது சில நேரம் பலிக்கும். தலைமைப் பயிற்சியாளரையே செப்டம்பரில் அனுப்புவது வேறு கதை. 2022இல் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்ற மறுநாள் நெப்ராஸ்கா ஸ்காட் ஃப்ராஸ்டை நீக்கியது. அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீடு 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று வாரப் பொறுமைக்கு 75 லட்சம் டாலர்! பொறுக்கவில்லை. அந்த ஆண்டு 4-8 என்று முடிந்தது.

டெக்சஸ் கதையிலும் ஒரு வால் உண்டு. அணியைத் தூக்கி நிறுத்திய மேக் ப்ரவுனும் அந்தப் பருவத்தோடு விலகிப்போனார்.

கோளாறு தாக்கும் பக்கத்தில் இருந்தால்?

நூற்றுக்குத் தொண்ணூறு, முன்வரிசையைப் பாருங்கள். கூட்டம் குவார்ட்டர்பேக்கைத் திட்டும். அவர் கீழே கிடப்பது முன்வரிசையால்.

ஒஹையோ ஸ்டேட், 2014. ஆகஸ்டில் குவார்ட்டர்பேக் ப்ராக்ஸ்டன் மில்லரின் தோள் போய்விட்டது. ஜே.டி. பேரட் என்ற அனுபவமில்லாத இளைஞர் வந்தார். முன்வரிசை ஐவரில் நான்கு பேர் புதியவர்கள். செப்டம்பர் 6 அன்று வர்ஜீனியா டெக் அவர்களுடைய மைதானத்துக்கே வந்தது. தடுப்பாட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்ட பட் ஃபாஸ்டர், ஆள்களைப் பந்து இருக்கும் கோட்டுக்கு அருகே குவித்து நிறுத்தி, பின்னால் காவலே வைக்காமல், "முடிந்தால் தலைக்கு மேலே எறி" என்று சவால் விட்டார். பேரட் எறிந்த 29இல் 9தான் சேர்ந்தன. மூன்று எதிரணியின் கைக்குப் போயின. ஏழு முறை அவரை மண்ணில் சாய்த்தார்கள். 35-21.

இங்கே கவனிக்க வேண்டியது: அந்த ஆட்டத்தின் படம் மறுநாளே அடுத்த அணிகள் எல்லாவற்றின் மேசையிலும் இருக்கும். எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் இதையே செய்து பார்ப்பார்கள். ஆகவே பயிற்சியாளர் அர்பன் மையருக்குக் கிடைத்தது ஒரே கேள்வி கொண்ட வினாத்தாள். கேள்வியும் முன்கூட்டியே வெளியாகிவிட்டது. கெண்ட் ஸ்டேட்டை 66-0, ஒரு வார ஓய்வு, பிறகு சின்சினாட்டியை 50-28. அக்டோபர் 4 அன்று மேரிலாந்தில் முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டம், 52-24. அதே புதிய முன்வரிசைதான், ஆனால் யாரை யார் பிடிப்பது என்ற சந்தேகம் போயிருந்தது. நவம்பர் கடைசியில் பேரட்டும் காயப்பட, டிசம்பரில் மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸ் வந்து விஸ்கான்சினை 59-0. ஜனவரியில் அலபாமாவையும் ஓரிகனையும் வென்று தேசியப் பட்டம்.

வர்ஜீனியா டெக் அடுத்த வாரமே ஈஸ்ட் கரோலைனாவிடம் தோற்று, ஆண்டை 7-6 என்று முடித்தது. இந்த ஆட்டத்தை நான் விடாமல் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குவார்ட்டர்பேக்கை மாற்றிப் பார்க்கலாமா?

காயம் என்றால் வேறு வழியில்லை. கோபத்தில் மாற்றாதீர்கள். மாற்றினால் புதியவரின் சுமையைக் குறையுங்கள். 2007இல் மிச்சிகன் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடமும் ஓரிகனிடமும் (39-7) வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, காயப்பட்ட சாட் ஹென்னிக்குப் பதிலாக முதலாண்டு மாணவர் ரயன் மாலட்டை நோட்டர் டேமுக்கு எதிரே இறக்கியது. பந்தைப் பெரும்பாலும் மைக் ஹார்ட் கையில் கொடுத்து ஓடவிட்டார்கள். 38-0. அடுத்த வாரம் கான்ஃபரன்ஸ் தொடக்கத்தில் பென் ஸ்டேட்டை 14-9. மாலட் 100 யார்டுகூட எறியத் தேவையில்லாத நாள் அந்த நோட்டர் டேம் ஆட்டம்.

ஓய்வு வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

தூங்க வேண்டும். காயத்தை ஆறவிட வேண்டும். புதிய நகர்வுகளை உள்ளே கொண்டுவரப் பயிற்சியாளர்களுக்குக் கை அரிக்கும், விடக் கூடாது.

அபராதங்களும் பந்தைத் தவறவிடுவதும்?

செலவில்லாமல் திருந்துவது இது ஒன்றுதான். பந்து வருமுன் அசைந்து ஐந்து யார்டு இழப்பவரைச் சிறிது நேரம் வெளியே உட்காரவைத்தால் அடுத்த வாரம் அசைய மாட்டார். சத்தமான வெளி மைதானம் என்றால் பயிற்சியில் ஒலிபெருக்கி வைத்துப் பழக்குவது எல்லோரும் செய்வதே.

தேறிவிட்டது என்று எதைப் பார்த்து நம்புவது?

எளிய எதிரணியை நசுக்கிய ஸ்கோரைப் பார்த்து அல்ல. கெண்ட் ஸ்டேட் ஆட்டத்துக்குப் பிறகு ஒஹையோ ஸ்டேட் தேசியப் பட்டம் வெல்லும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

சனிக்கிழமை டி.வி. முன் உட்காரும்போது எதிரணி தாக்க வரும் முதல் இரண்டு முறை பந்தைப் பார்க்காமல், தடுப்பு வரிசையின் கோடியில் நிற்பவரை மட்டும் பாருங்கள். போன வாரம் ரன்னிங் பேக்கைப் பார்த்து உள்ளே பாய்ந்தவர், இந்த வாரம் தோளை நேராக வைத்து ஒரு கணம் நிற்கிறாரா? பந்து வருவதற்கு முந்தைய நொடிகளில் பின்னால் இருப்பவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக் கையை விரிக்கிறார்களா, அல்லது விரலைக் காட்டிவிட்டுக் காலை ஊன்றி நிற்கிறார்களா? முதல் கால் பகுதி முடிவதற்குள் தெரிந்துவிடும். பிறகு வேண்டுமானால் ஸ்கோரைப் பார்த்துக்கொள்ளலாம்.